ஓடிப்போன விரிசல்

அத்தியாயம் 9

நாற்பத்தெட்டுத் தூண்களையும் தடவிப் பார்த்தாகிவிட்டது. விரிசல் இல்லை.

“ஓடிப்போச்சு மாமா,” என்றாள் ஜுவேரியா.

“விரிசலுக்குக் கால் கிடையாது பாஸ்.”

“போட்டோல இருக்கு. தூண்ல இல்லை. வேற எப்படிச் சொல்றது?”

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் முன்பாதியைக் கிழித்து வைத்துக்கொண்டு, பின்பாதியை உங்களிடம் கொடுத்திருக்கலாம்.

ஜுவேரியா திருவல்லிக்கேணிக்காரி. முப்பத்து நாலு வயது. துப்பறிவது அவள் தொழில். நான் கிச்சா. மயிலாப்பூர், வயது எழுபத்தொன்று, அவளுக்கு உதவியாளன். இந்த மாதிரிப் புத்தகங்களில் உதவியாளன் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வருவான். நான் குடையோடு பஸ்ஸில் வருவேன். மற்றபடி வித்தியாசமில்லை.

நாங்கள் நின்றுகொண்டிருந்தது அடையாறில், ஒரு பழைய உரக் கம்பெனியின் ஆபீஸ் கட்டடத்தில். 1968ல் கட்டியது. பூச்சு கிடையாது, வர்ணம் கிடையாது. பலகை அடித்து உள்ளே கொட்டிய கான்கிரீட், பலகையைப் பிரித்ததும் எப்படி நின்றதோ அப்படியே நிற்கிறது. மரத்தின் ரேகைகூடத் தூணில் பதிந்திருக்கும். பூசுவதற்குள் கொத்தனார் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்பது அந்த வட்டாரத்தின் முப்பது வருஷ நம்பிக்கை. கட்டடத்தை மாற்றியமைக்க வந்த ஆர்க்கிடெக்ட் பெண் மதுவந்தி, “இது ப்ரூட்டலிசம்” என்றாள். வைகிறாள் என்று நினைத்து, வேலையை மேற்பார்க்கும் ஏரியாக் கமிட்டியில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். அது ஒரு கட்டடப் பாணி என்று தெரிந்ததும் காபிக்குத் திரும்பி வந்தார்கள்.

கம்பெனி மூடிப் பன்னிரண்டு வருஷம் வௌவால்கள் குடியிருந்தன. முதலாளியின் மனைவி, சாகும் முன் கட்டடத்தை ஏரியா ஜனங்களுக்கு எழுதிவைத்தார். 1997 விஜயதசமிக்குள் கலை மன்றமாகத் திறக்க வேண்டும், தவறினால் அது அவருடைய அண்ணன் மகனுக்குப் போகும் என்று நிபந்தனை. அண்ணன் மகன் இடித்துவிட்டு ஃபிளாட் கட்டக் காத்திருந்தார். ஆறு மாதமாக வேலை நடந்தது. லாரி உர மூட்டை இறக்கிய மேடை இப்போது நாடக மேடை. இரும்புக் கதவு போட்ட பெட்டக அறையில் வீணை வகுப்பு. கேன்டீனில் அஸ்மத்துன்னிசா என்ற அம்மாள் ஜரிகை வேலை சொல்லித்தரப் போகிறார். எதிரொலியை அடக்க, கூரை முழுக்கச் சாக்குகளைத் துவைத்துத் தொங்கவிட்டிருந்தாள் மதுவந்தி. மழை நாளில் மட்டும் கொஞ்சம் யூரியா மணக்கும்.

போன வாரம் மாநகராட்சிக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. கூடவே ஒரு போட்டோ. தூணின் உச்சியிலிருந்து மரக்கிளை மாதிரிப் பிரிந்து பிரிந்து கீழே இறங்கும் விரிசல். அடியில் ஒரு வரி: “மேஸ்திரி குலாம் ரசூல் இதைப் பூசி மறைத்துவிட்டார்.”

விஷம் அந்த வரியில்தான் இருந்தது. விரிசல் இருந்தால் கட்டடம் மோசம். இல்லாவிட்டால் குலாம் ரசூல் மோசம்.

இன்று நாலு மணிக்கு இன்ஜினியர் தணிகாசலம் வருகிறார். பதில் இல்லாவிட்டால் வாசலுக்கு சீல். விஜயதசமிக்கு இன்னும் மூன்று நாள்.

காலை பத்தரைக்கு குலாம் ரசூல் படியில் உட்கார்ந்திருந்தார். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அறுபத்து மூன்று வயது. இந்தக் கட்டடத்துக்கு அந்தக் காலத்தில் சென்டரிங் அடித்ததும் அவர்தான், அதாவது கான்கிரீட் கொட்டப் பலகைக் கூடு கட்டியவர். இப்போது ரிப்பேர் பார்க்க வந்திருப்பதும் அவர்தான்.

“விரிசல் வுட்டுச்சுன்னா வுட்டுச்சுன்னு நானே சொல்லிட மாட்டனா மாமா?” என்றார். “பூசி மறைச்சான்னு எழுதிட்டானே. எம் பொண்ணு மாமியார் வூட்டாண்ட வரைக்கும் போயிருச்சு இந்தப் பேச்சு.”

“பாய், இதைப் பாருங்க,” என்று ஜுவேரியா ஒரு கவரை நீட்டினாள். இதுவரை எங்களிடம் இருந்தது கறுத்துப்போன ஜெராக்ஸ். ஒரிஜினல் போட்டோவை இன்ஜினியரிடம் மன்றாடி இன்று காலைதான் வாங்கி வந்திருந்தாள்.

ரசூல் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

“இது நம்ம தூணுதான். ஆனா கோபுரம்லாம் கவுந்துகினு கீது.”

“எந்தக் கோபுரம்?” என்றேன்.

அவர் எழுந்து போய்ப் பக்கத்துத் தூணில் விரலை வைத்தார். பலகையின் ரேகைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, கூர்முனை மேலே பார்த்தபடி, சின்னச் சின்னக் கோபுரங்களாக அடுக்கியிருந்தன.

“மரம் எப்பிடி நின்னுச்சோ பலகையும் அப்பிடித்தான் நிக்கணும். அடிமரம் கீழ, நுனி மேல. மாத்தி அடிச்சா எங்க உஸ்தாத் முழங்கைல போடுவாரு. நாப்பத்தெட்டுத் தூண்லயும் கோபுரம் மேல பாத்துதான் கீது. இதுல மட்டும் கீழ பாக்குது. தூணு சிரசாசனம் பண்ணுமா?”

ஜுவேரியா போட்டோவை வாங்கித் தலைகீழாகத் திருப்பினாள்.

விரிசல் காணாமல் போயிற்று. அதே கோடுகள்தான். உச்சியிலிருந்து பிளந்து இறங்கியவை இப்போது தரையிலிருந்து கிளம்பி, கிளைவிட்டு, மேலே ஏறிக்கொண்டிருந்தன.

“கொடி,” என்றாள். “செடி ஏறின தடம்.”

“மணிபிளாண்டு,” என்றார் ரசூல். “முதல் தூண்ல, வாச்மேன் வெச்சது. பதினஞ்சு வருசமா ஏறிக் கெடந்துது. போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலைல பிச்சிப் போட்டோம். வேரு ஒட்டின தடம் அப்பிடியே கறுப்பாத் தெரிஞ்சுது. மத்தியானத்துக்குள்ள தேங்கா நார் போட்டுத் தேச்சுக் கழுவிட்டேன்.”

“அப்ப, காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவுல எடுத்த படம் இது. அன்னைக்கு இங்க யார்கிட்ட கேமரா இருந்தது?”

ரசூல் என்னைப் பார்த்தார். நான் போட்டோவைப் பார்த்தேன். நிமிர்த்திய படத்தில் இடது பக்கக் கீழ் மூலையில் இளஞ்சிவப்பாக ஏதோ மங்கித் தெரிந்தது. தலைகீழாக இருந்தபோது மேல் மூலையில் கூரை நிழல் மாதிரி இருந்தது அது.

என் விரல்.

நான் எடுக்கும் எல்லாப் படத்திலும் என் விரல் இருக்கும். என் பேத்தியின் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையை விட நான் அதிகப் படங்களில் இருக்கிறேன்.

“விரலைக் காலைலயே பாத்துட்டேன் மாமா,” என்றாள் ஜுவேரியா. குரலில் கோபமில்லை. “நீங்களா எப்பச் சொல்வீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்.”

“என்னையா சந்தேகப்பட்டே?”

“ஒன்றரை மணி நேரம். படத்தைத் திருப்பற வரைக்கும். உங்க முகத்தைப் பாத்ததும் விட்டுட்டேன். அந்த அளவுக்கு உங்களுக்கு நடிக்க வராது.”

ஒன்றரை மணி நேரம். எனக்கு அது கொஞ்சம் தைத்தது. ஆனால் அதைப் பற்றி யோசிக்க அவகாசமில்லை, ஏனென்றால் அடுத்த கேள்வி எனக்கே தெரிந்திருந்தது. அன்று எடுத்த முப்பத்தாறு படத்தையும் லஸ் முனை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, மன்றத்தின் ஆல்பத்தில் ஒட்டச் சொல்லி நான் ஒரே ஒருவனிடம்தான் கொடுத்தேன். கமிட்டித் தலைவர் ஸ்ரீரங்கனிடம். ஐம்பது வருஷ சிநேகிதன். அவளிடமும் சொன்னேன்.

“வேற யார்கிட்டயாவது கொடுத்தீங்களா மாமா?”

“முதலைகிட்ட,” என்றேன். சிரிப்பு வரவில்லை.

மயிலாப்பூர் போகும் வழியில், திரு.வி.க. பாலத்தில் ஆட்டோ ஊர்ந்துகொண்டிருந்தபோது, வழக்கம்போல டிரைவரிடம் முதலைக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். 85ல் அடையாற்றில் நான் ஒரு முதலையைப் பிடித்து, டிக்கெட் வாங்கி, பஸ்ஸில் வண்டலூருக்கு அழைத்துப் போனேன். நீளம் குறைவு என்று கண்டக்டர் அரை டிக்கெட்தான் போட்டார். கமிட்டியில் எல்லோருக்கும் அந்தக் கதை மனப்பாடம். அன்று சொல்லத் தோன்றவில்லை.

கச்சேரி ரோடு பக்கத்துச் சந்தில், ஸ்ரீரங்கன் வீட்டுக் கொல்லையில் தகரம் போட்ட ஒரு கொட்டகை. அதுதான் அவனுடைய சபா. முப்பது வருஷமாக வாரம் ஒரு கச்சேரி நடத்துகிறான். நாங்கள் போனபோது மடக்கு நாற்காலிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஜுவேரியா ஆல்பத்தைக் கேட்டாள். தயங்காமல் எடுத்துக் கொடுத்தான். ஐந்தாவது பக்கத்தில் ஒரு இடம் காலி. அடியில் அவனுடைய முத்து முத்தான கையெழுத்து: “முதல் தூண், கொடி எடுத்த பின். படம்: கிச்சா.”

“இது எங்க சார்?”

“கழண்டு விழுந்திருக்கும்மா.”

“படத்தைச் செருகின மூலைக் காகிதம் நாலையும் பத்திரமா விட்டுட்டுக் கழண்டிருக்கு,” என்றாள். என்னைப் பார்த்தாள். “நான் ஆட்டோவை நிறுத்தி வைக்கறேன் மாமா.”

வெளியே போய்விட்டாள். அவள் அப்படிச் செய்யும் ஆள் இல்லை. எனக்காகச் செய்தாள்.

“எப்படிடா தோணித்து?” என்றேன்.

ஸ்ரீரங்கன் இன்னொரு நாற்காலியைத் துடைத்தான். “கண்ணாடி போட்டுக்காம ஒட்டினேன். தலைகீழா ஒட்டிட்டேன் போல இருக்கு. கண்ணாடியை மாட்டிண்டு பாத்தா தூண் பிளந்து நிக்கறது. பதறிப் போயிட்டேன் கிச்சா. உனக்குத்தான் போன் பண்ணினேன். பாதி நம்பர் சுத்தறச்சே அடியில நானே எழுதி வெச்சிருந்த வரி கண்ணுல பட்டது, கொடின்னு தெரிஞ்சுடுத்து.”

“அப்புறம்?”

“ரிசீவரை வெச்சுட்டேன். படத்தைத் திருப்பி ஒட்டலை.”

“ஏன்டா?”

“இருபத்திரண்டு பேர் வந்துண்டிருந்தா இங்க. அங்க மேடை, லைட்டு, சாக்கெல்லாம் தொங்கவிட்டுக் கவாலி, கானா, வீணை எல்லாம் ஒரே கூரையில. இந்தத் தகரத்துக்கு யார் வருவா?”

“நீ கமிட்டித் தலைவன்டா.”

“தலைவரா இருங்கோன்னு வந்து நின்னா. மாட்டேன்னு சொல்ல வாய் வரலை.” துணியை உதறினான். “ஒருத்தர் ஒருத்தரா வரதை நிறுத்திண்டே வந்தா. நான் ஒண்ணும் நினைச்சுக்கலை. நீ கடைசியா எப்ப வந்தே?”

எண்ணிப் பார்த்தேன். ஏழு வாரம் ஆகியிருந்தது.

“வேலை இருந்தது.”

“தெரியும். அங்க. படம் எடுத்துண்டு.”

தலைக்கு மேலே தகரம் வெயிலில் டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருந்தது.

“அது போகட்டும். ரசூல் பேரை ஏன் எழுதினே?”

“தூண்ல விரிசல் இல்லைன்னு போய்ப் பாத்தாலே தெரிஞ்சுடுமே. அதுக்கு ஏதாவது எழுதணுமோன்னோ.” சமையலில் உப்புக் குறைந்ததற்கு வேறு எதையோ போட்டதைப் போலச் சொன்னான். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டான். “நாலு மணிக்கு நானே வந்து சொல்லிடறேன் கிச்சா. நீ சொன்னா காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிடும். நானே சொன்னா ஒத்துண்ட மாதிரி இருக்கும். இந்த ஒண்ணு மட்டும் எனக்கு விடு.”

விட்டேன்.

வாசலில் ஜுவேரியா கையை நீட்டினாள். “ஆல்பம்?”

“அவனே கொண்டு வரேன்னான்.”

“நாம எடுத்துக்கிட்டுப் போயிடலாம் மாமா.”

“அவனை எனக்கு ஐம்பது வருஷமாத் தெரியும்.”

“எனக்கு ஐம்பது நிமிஷமாத்தான் தெரியும். அதான் எடுத்துக்கலாம்ங்கறேன்.”

நான் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒரு நிமிஷம் அந்தச் சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏறிக்கொண்டாள். அதற்காக இன்றுவரை அவள் என்னைக் குத்திக்காட்டியதில்லை. குத்திக்காட்டியிருந்தால் தேவலை.

நாலு மணிக்கு இன்ஜினியர் தணிகாசலம் வந்தார். சிவப்பு நாடாவும் அரக்கும் வைத்த பையோடு ஒரு பியூன். கமிட்டியில் பதினைந்து பேர் போர்ட்டிகோவில் நின்றார்கள். ஸ்ரீரங்கன் வேஷ்டி மாற்றிக்கொண்டு, ஆல்பத்தை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்திருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு சீரானது.

ரசூல் போட்டோவைத் திருப்பிக் காட்டினார். கோபுரங்களைக் காட்டினார். அடிமரம், நுனி எல்லாம் விளக்கினார். தணிகாசலம் பொறுமைசாலி. முதல் தூணைச் சுத்தியலால் அடி முதல் தோள் உயரம் வரை தட்டிக் கேட்டார். காதை வைத்துக்கூடக் கேட்டார். பிறகு ரசூலிடம், “முப்பது வருஷத் தூண் மாதிரியே இல்லையே மேஸ்திரி. மணி மாதிரி இருக்கு,” என்றார்.

ரசூல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு அசைவைப் பார்க்க நான் இன்னும் இரண்டு முறை அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் போய்வரத் தயார்.

“தூண்ல குறை இல்லை. நான் எழுதிடறேன்,” என்றார் தணிகாசலம். “ஆனா பொய் மனு யார் போட்டாங்கன்னு தெரியாம ஃபைலை மூட முடியாது. விசாரணைன்னு எழுதினா, அது முடியற வரைக்கும் பூட்டித்தான் வைக்கணும். போட்டவங்க நாந்தான்னு எழுதிக் கொடுத்துட்டா இப்பவே முடிஞ்சது. கேஸ் கீஸெல்லாம் வேணாம்.”

ஸ்ரீரங்கன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

“மன்னிக்கணும் சார். தெரிஞ்ச மனுஷர்தான். வயசானவர். கெட்ட எண்ணம் கிடையாது. ஏதோ விளையாட்டாப் பண்ணிட்டார்.”

தன்னைத்தான் சொல்கிறான், கூச்சத்தில் வேறு யாரையோ சொல்வது போலச் சொல்கிறான் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. அவன் தோளைத் தொடக் கையைக்கூடத் தூக்கிவிட்டேன்.

“நீயே சொல்லிடேன் கிச்சா,” என்றான்.

தூக்கிய கை அப்படியே நின்றது.

“நான் இல்லை,” என்றேன்.

பதினைந்து பேரும் சிரித்தார்கள். மோசமான சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்பு. ஆறு மாதமாக அவர்களுக்கு நான் அளந்த கதையெல்லாம் இதே முகத்தோடு, இதே குரலில் சொன்னவைதான். யாரோ பின்னாலிருந்து, “முதலை சாட்சிக்கு வருமா மாமா?” என்றார்கள்.

“ஆல்பத்தைக் கொடுங்க சார்,” என்றாள் ஜுவேரியா. ஸ்ரீரங்கன் மஞ்சள் பையோடு நீட்டினான். அவள் வேகமாகப் புரட்டினாள். நாலாவது பக்கத்துக்குப் பிறகு ஆறாவது பக்கம் வந்தது.

“அஞ்சாவது பக்கம் எங்க?”

“எந்தப் பக்கம்மா?” என்றான். எனக்குத் தெரிந்த அதே மென்மையான குரல்.

தணிகாசலம் என் பக்கம் திரும்பினார். “படம் நீங்க எடுத்ததா சார்?”

“ஆமாம்.”

“மூலைல இருக்கற விரல்?”

“என்னோடதுதான்.”

சிரிப்பு அடங்கிவிட்டது. குலாம் ரசூல் மட்டும் ஆரம்பத்திலிருந்தே சிரிக்கவில்லை. கிட்டே வந்தார்.

“வெளாட்டுக்கு என் தூணுதான் கெடச்சிதா மாமா?”

அவருக்கு பதில் சொல்ல என்னிடம் உண்மை ஒன்றுதான் இருந்தது. அது செல்லாது என்று இப்போதுதான் தெரிந்தது. பியூன் அரக்குக் குச்சியைப் பையிலிருந்து எடுத்தான்.

“ஒரு பேப்பர் கொடுங்கோ,” என்றேன்.

ஜுவேரியா என் மணிக்கட்டைப் பிடித்தாள். “எழுதாதீங்க மாமா. ரெண்டு நாள் கொடுங்க. நெகட்டிவ், கையெழுத்து, கவர்ல இருக்கற போஸ்ட் ஆபீஸ் முத்திரை எல்லாம் இருக்கு. நான் நிரூபிச்சுடுவேன்.”

“நிரூபிப்பே. ரெண்டே நாள்ல நிரூபிப்பே. சீலை எடுக்க ரெண்டு மாசம் ஆகும். மூணாம் நாள் விஜயதசமி.”

அவள் கை தளர்ந்தது. நான் தூணில் காகிதத்தை வைத்து எழுதினேன். பின்னால் கான்கிரீட் கோபுரம் கோபுரமாக இருந்ததால் எழுத்தெல்லாம் நெளிந்தது. நாலே வரி. மிகைப்படுத்தல் இல்லை, மிருகங்கள் இல்லை. பொய்யை அவ்வளவு சுருக்கமாக நான் அதற்கு முன் எழுதியதில்லை. கையெழுத்துப் போட்டேன். தணிகாசலம் படித்துவிட்டு ஃபைலில் வைத்துக் கட்டினார். அரக்கு பைக்குள் போயிற்று. மன்றம் பிழைத்தது.

கமிட்டி அங்கேயே நின்றபடி ஒரு தீர்மானம் போட்டது. கிச்சா இனி மன்றத்துக்குள் வரக் கூடாது. யாருக்கும் மனசில்லை, ஆனால் ரசூல் அங்கே நின்றுகொண்டிருந்தார், வேறு வழியும் இல்லை. தலைவர் என்ற முறையில் முதல் கையெழுத்து ஸ்ரீரங்கனுடையது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முத்து முத்தாகப் போட்டான்.

வாசலுக்கு வந்தோம். ஜுவேரியா ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். பின்னாலேயே செருப்புச் சத்தம். ஸ்ரீரங்கன் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

“கிச்சா, ஆறரைக்குக் கச்சேரி. சின்னப் பொண்ணு, நன்னாப் பாடறது.” என் குடைக் கைப்பிடியைத் தொட்டான். “இனிமே உனக்கு இங்க வேலை இல்லையே. வருவியோன்னோ?”

அவன் முகத்தில் வஞ்சகம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறான், அவ்வளவுதான் இருந்தது அந்த முகத்தில். அதுதான் தாங்கவில்லை.

“வரேன்,” என்றேன்.

சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டு போனான். ஐம்பது வருஷமாக நான் சொன்ன கதை ஒன்றைக்கூட நம்பாதவன், அதை நம்பிவிட்டான்.